இன்ஜின் வேலை முடித்த பிறகும் கம்ப்ரஷன் குறைந்தால்: காற்றுக்குளிர் இன்ஜினில் எங்கிருந்து தேடுவது?

இன்ஜின் வேலை முடிந்து வந்த பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்று ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலில் தடுமாறுகிறது, மேட்டில் ஏற முனகுகிறது. உரிமையாளர் ஒரு கம்ப்ரஷன் கேஜை (பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் கருவியை) இரவல் வாங்கி அளந்து பார்க்கிறார். மூன்று சிலிண்டர்கள் 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காட்ட, ஒன்று மட்டும் 70-இல் நின்றுவிடுகிறது. அவர் வாயில் முதலில் வருவது ‘ரிங் போய்விட்டது’ என்பதுதான், அதாவது பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் வளையம். ஓடித் தேய்ந்த இன்ஜினாக இருந்தால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. புதிதாகக் கோத்த இன்ஜினில் எதுவும் இன்னும் தேய்ந்திருக்காது. அங்கே தவறு பெரும்பாலும் அளந்த விதத்திலோ, வால்வு இடைவெளியிலோ (வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி), கோத்த கையிலோதான் இருக்கும். ஆகவே தேடலும் அந்த வரிசையிலேயே போக வேண்டும்.

இந்த வரிசைக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. பீட்டிலில் சிலிண்டர் ஹெட்டை (சிலிண்டரின் வாயை மூடி, வால்வுகளைத் தாங்கும் பகுதி) கழற்ற வேண்டுமானால் முழு இன்ஜினையும் கீழே இறக்கியாக வேண்டும். நான்கு இடங்களில் முடுக்கி வைத்த இன்ஜின்தான், பழகிய கைகளுக்கு அது ஒரு மணி நேர வேலைகூட இல்லை என்பார்கள். ஆனால் ஏறத்தாழ நூறு கிலோ எடையை சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடத்தில் வைத்து இறக்க முடியாது. சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ ஒரு பட்டறையில் இடம் கேட்க வேண்டும், காரை இழுத்துச் செல்ல வேண்டும், இரண்டு வார இறுதிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். வீட்டருகிலேயே அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கக்கூடிய ஒன்றுக்காக இத்தனையும் செய்துவிட்டு வருந்தியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

கீழே உள்ள எண்கள் 1970-களின் 1600 சிசி இரட்டை போர்ட் இன்ஜினுக்கு உரியவை: போர் (சிலிண்டரின் விட்டம்) 85.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 69 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம் 7.5. வேறு காற்றுக்குளிர் இன்ஜின் வைத்திருப்பவர்கள் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்களைத் தங்கள் வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும்.

முதலில் அளவை நம்பத்தக்கதாக ஆக்க வேண்டும்

தவறாக எடுத்த ஓர் எண், எண்ணே இல்லாததைவிட அதிகக் கெடுதல் செய்யும். பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் நல்ல இன்ஜின்கூட 90 காட்டும். காரைப் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கிய பின், நிறுத்திவிட்டுச் சற்றுக் காத்திருந்து, ஹெட்டைத் தொட்டால் கை பொறுக்கும் நிலைக்கு வந்ததும் பிளக்குகளைக் கழற்றலாம். கொதிக்கும் அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைத் திருகி எடுப்பது மரையை உரித்துக்கொண்டு வரும் வழி. நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட வேண்டும். காயிலுக்குச் செல்லும் மின்கம்பியைப் பிரித்து வைக்க வேண்டும். சோக் தகடு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் காருக்குள் அமர்ந்து ஆக்சிலரேட்டர் மிதியைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் மறப்பது கடைசியாகச் சொன்னதைத்தான். மிதி மேலே இருந்தால் கார்புரேட்டர் மூடியிருக்கும், காற்று உள்ளே வராது, வராத காற்றை எந்தப் பிஸ்டனாலும் அமுக்க முடியாது.

சிலிண்டர் எண்களிலும் குழப்பம் வருவதுண்டு. இன்ஜின் காரின் பின்புறம் இருந்தாலும் ‘முன்’ என்பது கார் செல்லும் திசையையே குறிக்கும். நம் சிங்கப்பூர்க் கார்களில் ஓட்டுநர் அமரும் வலப்பக்கத்தில் 1, 2-ஆம் சிலிண்டர்களும், பயணி பக்கத்தில் 3, 4-ஆம் சிலிண்டர்களும் இருக்கின்றன. 1-உம் 3-உம் காரின் முன்புறம் நோக்கியவை. 3-ஆம் சிலிண்டரின் பிளக்கை எட்டுவது கடினம். அதைத் திரும்பப் போடும்போது ஒரு சாண் ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி, குழாயைப் பிடித்துச் சுழற்றினால், மரை கோணலாகப் பிடிக்கும் கணத்திலேயே குழாய் வழுக்கி உங்களை எச்சரித்துவிடும்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜை மாட்டி, ஐந்தாறு முறை அமுக்கம் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். இறுதி எண்ணை மட்டும் எழுதினால் போதாது, முதல் துடிப்பில் முள் எவ்வளவு எழுந்தது என்பதையும் எழுத வேண்டும். முதல் துடிப்பில் 40, பின் 65, 85, 100 என்று படிப்படியாக ஏறினால் சந்தேகம் ரிங் பக்கம் போகிறது. முதல் துடிப்பில் 50, அதன் பிறகு 60, 65 என்று அங்கேயே தேங்கினால் வால்வைச் சந்தேகிக்கலாம். இது அனுபவ விதி மட்டுமே, தீர்ப்பு அல்ல.

நன்றாக ஓடிப் பழகிய 1600 இன்ஜின் 110 முதல் 140 பிஎஸ்ஐ வரை காட்டும். பாரில் படிக்கும் கேஜ் வைத்திருப்பவர்கள் 14.5-ஆல் வகுத்துக்கொள்ளலாம். இன்னும் சாலையைப் பார்க்காத இன்ஜினில் ரிங்குகள் சுவரோடு பொருந்தியிருக்காது என்பதால் நான்கும் 90, 100 என்று இருப்பது கவலைக்குரியதல்ல. அந்த நிலையில் எண்ணின் உயரத்தைவிட நான்கின் ஒற்றுமையே முக்கியம். மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் 85 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

வால்வு இடைவெளி: இதைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்

முழுமையாக மூடாத வால்வு, இருக்க வேண்டிய அமுக்கத்தில் பாதியை வெளியே விட்டுவிடும். இந்த இன்ஜினில் இன்லெட் (காற்று உள்ளே வரும் வால்வு), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு) இரண்டுக்கும் இடைவெளி 0.15 மி.மீ., அதாவது 0.006 அங்குலம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் அதை அளக்க வேண்டும். காற்றுக்குளிர் இன்ஜின் சூடாகும்போது சிலிண்டரும் ஹெட்டும் நீண்டு இடைவெளி கூடுகிறது. சூட்டில் சரியாக வைத்த இடைவெளி, குளிர்ந்தபின் சுருங்கிவிடும். நம் ஊரில் ‘குளிர்ந்த இன்ஜின்’ என்றால் இரவு முழுக்க நின்று விடியற்காலையில் தொடப்படும் இன்ஜின் என்று பொருள்கொள்வது நல்லது. 31 டிகிரி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற காரின் ஹெட் உள்ளே இன்னும் சூடாகத்தான் இருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டரின் முனை டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பிலுள்ள சிறு வெட்டுக்கு நேராகவும், புல்லியின் உச்சநிலைக் குறி கிராங்க்கேஸின் இணைப்புக் கோட்டுக்கு நேராகவும் வரும்வரை இன்ஜினைக் கையால் திருப்பினால் 1-ஆம் சிலிண்டர் அமுக்க உச்சத்தில் நிற்கிறது என்று பொருள். அதன் இரண்டு வால்வுகளையும் சரிபார்த்துவிட்டு, புல்லியை இடஞ்சுழியாக அரைச்சுற்று திருப்பினால் 2, பிறகு 3, பிறகு 4. பொறி எழும் வரிசை 1-4-3-2 என்பதால் பின்னோக்கித் திருப்பும்போது எண்கள் நேராக வருகின்றன. ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய அளவுத் தகடு) சற்றே உரசிக்கொண்டு நுழைய வேண்டும். தாளுக்கிடையில் தாளை இழுப்பது போன்ற அந்த உணர்வு இரண்டு மூன்று முறை செய்தபின் கைக்கு வந்துவிடும்.

ராக்கர் மூடி திறந்திருக்கும்போதே புஷ்ராட்டுகளையும் (ராக்கரைத் தள்ளும் நீண்ட தண்டுகள்) விரலால் சுழற்றிப் பாருங்கள். புதிதாகக் கோத்த இன்ஜினில் ஒரு புஷ்ராட், தன் அடியைத் தாங்கும் டாப்பட்டின் குழியில் அமராமல் விளிம்பில் ஏறி நின்றுவிடுவதுண்டு. அப்படியானால் வால்வு நிரந்தரமாகத் திறந்தே இருக்கும், அந்தச் சிலிண்டரின் அளவு சுழியத்தை ஒட்டி நிற்கும்.

இப்போது என் கதை. என் 1972-ஆம் ஆண்டுக் காருக்கு இன்ஜின் வேலை முடிந்து முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஒரு மாலை, காரை நிறுத்திய ஒரு மணி நேரத்திலேயே, இன்ஜின் மூடியின் உட்புறம் யாரோ எப்போதோ ஒட்டியிருந்த 0.10 மி.மீ. என்ற பழைய எண்ணை நம்பி நானே வால்வுகளைச் சரிசெய்தேன். அடுத்த வாரம் காலையில், குளிர்ந்த இன்ஜினில் அளந்தபோது 3-ஆம் சிலிண்டர் 68 காட்டியது, மற்ற மூன்றும் 120-ஐ ஒட்டி இருந்தன. ரிங்தான் என்று முடிவுகட்டி, நண்பர் ஒருவர் வழியாகப் பட்டறையில் இடம்பிடித்து இன்ஜினை இறக்கினேன். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் சிலிண்டர் சுவரில் ஒரு கீறலும் இல்லை. பக்கத்து மேடையில் வேலை செய்துகொண்டிருந்த, ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் மெக்கானிக் ஒருவர் அந்த வால்வைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வால்வின் முகத்தில் சீராக இருக்க வேண்டிய சாம்பல்நிற வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் கருமை படர்ந்திருந்தது. “தம்பி, இது மூடவே இல்ல. டாப்பட் எப்ப வச்சீங்க, சூட்டோடயா?” என்று வால்வு இடைவெளியைப் பற்றிக் கேட்டார். புதிய வால்வு சீட்டில் படிந்து அமரும்போது முதல் சில நூறு கிலோமீட்டரில் இடைவெளி இயல்பாகவே குறையும். அதோடு என் தவறான எண்ணும் சூடான இன்ஜினும் சேர்ந்து, குளிரில் அந்த எக்ஸாஸ்ட் வால்வுக்கு இடைவெளியே இல்லாமல் ஆக்கியிருந்தன. இறக்குமுன் ஃபீலர் கேஜை ஒருமுறை நுழைத்துப் பார்த்திருந்தால் போதும்.

3-ஆம் சிலிண்டரே சிக்கியது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பழைய வகைக் காற்றுக்கூண்டில் எண்ணெய் குளிர்விப்பான் அந்தச் சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்து நிற்பதால், அது மற்றவற்றைவிடச் சூடாக ஓடும் என்பதும் அதன் எக்ஸாஸ்ட் வால்வே முதலில் கெடும் என்பதும் பீட்டில்காரர்கள் அறிந்தவை. 1971 முதல் குளிர்விப்பானைத் தனிக் கூண்டுக்கு நகர்த்தியது இதற்காகத்தான், ஆகவே என் காருக்கு அந்தக் காரணம் பொருந்தாமலும் போகலாம்.

எண்ணெய் ஊற்றிப் பார்க்கும் சோதனையும் அதன் குறையும்

பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெயை ஊற்றி மறுபடி அளந்து, அமுக்கம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்று முடிவு செய்வது எல்லா வாகனங்களுக்கும் சொல்லப்படும் பாடம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும் இன்ஜினில் எண்ணெய் பிஸ்டனைச் சுற்றி வளையமாகப் பரவி ரிங்குகளை அடைக்கிறது, அதனால் பாடம் பலிக்கிறது. பீட்டிலின் சிலிண்டர்கள் படுத்துக் கிடப்பவை. ஊற்றிய எண்ணெய் அடிப்பக்கம் தேங்கிவிடும், மேல்பாதி வறண்டே இருக்கும். ஆகவே இங்கே கேஜ் பெரிதாக ஏறினால் அதற்குப் பொருள் உண்டு. ஏறாவிட்டால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான் இந்தச் சோதனையைச் செய்வதையே விட்டுவிட்டேன்.

காற்றை உள்ளே விட்டுக் காதால் தேடுவது

உண்மையில் பதில் சொல்லும் சோதனை கசிவுச் சோதனைதான். சிலிண்டரை அமுக்க உச்சத்தில் நிறுத்தி, பிளக் துளை வழியாக வெளியிலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்தி, அது எந்த வழியாகத் தப்பிக்கிறது என்று கேட்பது இதன் அடிப்படை. இரண்டு கேஜ் கொண்ட கசிவுமானி இருந்தால் எத்தனை விழுக்காடு கசிகிறது என்ற கணக்கும் கிடைக்கும். அது இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கம்ப்ரஷன் கேஜின் குழாயிலுள்ள சிறு வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு, அதைக் காற்று அமுக்கியோடு இணைக்க ஒரு மூட்டுப் பொருத்தினால் போதும். ஜாலான் புசார் பக்கத்து இரும்புக் கடைகளில் இந்த மூட்டுகள் கிடைக்கும், குழாயைக் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்து வாங்குவது உத்தமம்.

காற்றைத் திறக்குமுன் ஓர் எச்சரிக்கை. 85.5 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 57 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதன்மீது 100 பிஎஸ்ஐ அழுத்தம் விழுந்தால் அது ஏறத்தாழ 400 கிலோ எடையின் தள்ளுவிசை. பிஸ்டன் உச்சத்திலிருந்து சிறிதே விலகியிருந்தாலும் கிராங்க் உதறிக்கொண்டு சுழலும். புல்லியில் ஸ்பேனரை மாட்டிவைத்திருந்தால் அது கையையோ தகட்டையோ பதம் பார்க்கும். நான்காம் கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்பேனரை எடுத்துவிட்டு, முதலில் 20 பிஎஸ்ஐ, பிறகு மெதுவாகக் கூட்டுவதே முறை.

பிறகு கேட்க வேண்டும். ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வோர் இடமாக நகர்த்தினால் மருத்துவரின் கருவி போலவே வேலை செய்யும். கார்புரேட்டரின் வாயில் சீறல் கேட்டால் இன்லெட் வால்வு. புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் அங்கே காற்று வந்தால் ரிங் வழியாகக் கிராங்க்கேஸுக்குப் போகிறது. ரிங் வழியாகச் சிறிது காற்று போவது எந்த இன்ஜினிலும் இயல்புதான், ஆகவே நான்கு சிலிண்டர்களையும் ஒப்பிட்டே சொல்ல வேண்டும். கசிவுமானியில் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்ல நிலை, 20-ஐத் தாண்டினால் விசாரிக்க வேண்டும், 30-ஐத் தாண்டினால் திறந்து பார்க்காமல் தீராது.

நான்காவது வழி ஒன்றும் உண்டு, காற்றுக்குளிர் இன்ஜினுக்கே உரியது. இந்த 1600 இன்ஜினில் சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் இடையே கேஸ்கெட் கிடையாது, உலோகத்தோடு உலோகம் பொருந்தியே அடைக்கிறது. சிலிண்டரின் அடியில் வைத்த ஷிம் (மெல்லிய இடைத்தகடு) இரண்டு பக்கமும் ஒரே தடிமனில் இல்லாவிட்டாலோ, அமரும் பரப்பில் ஒரு மணல் துணுக்கு ஒட்டியிருந்தாலோ, காற்றைத் திருப்பும் தகரம் ஹெட்டின் அடியில் சிக்கிக்கொண்டாலோ, நட்டுகளை வரிசை தவறி முடுக்கினாலோ அங்கே கசியும். காரின் அடியில் படுத்து, சோப்பு நீரைத் தெளிப்பானால் அந்த இணைப்பில் தெளித்தால் குமிழி எழும் இடமே கசியும் இடம். இன்ஜின் சில நாள் ஓடியிருந்தால் அதே இடத்தில் கரிக்கோடு ஒன்றும் தெரியும். ஹெட் நட்டுகளுக்குரிய முடுக்கம் 10 மி.மீ. ஸ்டட்டுக்கு 32 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர். கசிகிறதே என்று இதற்குமேல் முடுக்கினால் ஸ்டட் கிராங்க்கேஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் செலவு வேறு வகை.

நான்கும் ஒரே அளவில் குறைந்தால்

நான்கு சிலிண்டர்களும் 80, 82, 79, 81 என்று ஒத்துப்போய்க் குறைவாக இருந்து, கசிவுச் சோதனையும் நன்றாக வந்தால், அங்கே காற்று தப்பவில்லை, முதலிலிருந்தே போதிய அளவு அமுக்கப்படவில்லை. பேட்டரியும் ஆக்சிலரேட்டரும் சரி என்றால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். கிராங்கின் பல்சக்கரத்திலுள்ள இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கேம் பல்சக்கரத்தின் ஒற்றைப் புள்ளி அமர வேண்டும். ஒரு பல் தவறியிருந்தால் நான்கு சிலிண்டர்களும் ஒன்றாகவே பாதிக்கப்படும். வேகத்துக்காக நீண்ட நேரம் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைப் போட்டிருந்தாலும் இன்லெட் வால்வு தாமதமாக மூடுவதால் ஸ்டார்ட்டர் வேகத்தில் அமுக்கம் குறைந்தே தெரியும். அது குறையல்ல, அந்தக் கேமின் இயல்பு.

இன்னொரு காரணம் ஷிம். கம்ப்ரஷன் விகிதம் 7.5 உள்ள இந்த இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 396 சிசி, உச்சத்தில் மிஞ்சும் இடம் ஏறக்குறைய 61 சிசி. சிலிண்டரின் அடியில் ஒரு மில்லிமீட்டர் ஷிம்மைக் கூடுதலாக வைத்தால் அந்த இடம் 5.7 சிசி பெருகி, விகிதம் 6.9-க்கு இறங்கிவிடும். இன்ஜின் கோத்தவரிடம் ஷிம் எவ்வளவு, டெக் உயரம் (உச்சத்தில் பிஸ்டனின் தலைக்கும் சிலிண்டரின் விளிம்புக்கும் உள்ள தூரம்) எவ்வளவு என்று கேட்டுக் குறித்துவைப்பது நல்லது. பதில் சொல்லத் தயங்கினால் அளக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ரிங்தான் என்று உறுதியானால்

உடனே இறக்க வேண்டாம். முதலில் ஓட்டிப் பாருங்கள். ரிங் சுவரோடு பொருந்துவதற்குச் சுமை வேண்டும். பயத்தில் ஐடிலிலேயே மணிக்கணக்கில் ஓடவிட்டால் சுவர் வழவழப்பாக மெருகேறி, பிறகு ரிங் பொருந்தவே பொருந்தாது. சிந்தெடிக் அல்லாத சாதாரண மினரல் எண்ணெயை ஊற்றி, லிம் சூ காங் பக்கம் போன்ற நெரிசலற்ற சாலையில், வேக வரம்புக்குள், மேல் கியரில் மிதமாக முடுக்கி வேகமேற்றி, பிறகு காலை எடுத்து இறங்கவிட்டு, மறுபடியும் ஏற்றி ஓட்ட வேண்டும். நம் கார்களுக்கு இதிலும் ஒரு சங்கடம் உண்டு. 35 ஆண்டு கடந்த கார்களை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பழங்கார்த் திட்டத்தில் பதிவுசெய்திருப்பவர்கள் நினைத்த நாளெல்லாம் சாலைக்கு எடுத்து வர முடியாது. ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால், நம் ஈரக்காற்றில் புதிய சிலிண்டர் சுவரிலும் வால்வு சீட்டிலும் மெல்லிய துரு படர்வதுண்டு. மாதக்கணக்கில் நின்ற இன்ஜின் முதல் அளவில் குறைவாகக் காட்டினால், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்த பிறகே கவலைப்படலாம்.

500 கிலோமீட்டருக்குப் பிறகும் ஏறாவிட்டால் இறக்கித்தான் ஆக வேண்டும். அப்போது பார்க்க வேண்டியவை: ரிங்கில் பொறித்த மேற்குறி பிஸ்டனின் தலையை நோக்கி இருக்கிறதா, மூன்று ரிங்குகளின் வாய்களும் (வளையம் பிளந்திருக்கும் இடங்கள்) ஒன்றின்கீழ் ஒன்றாக வரிசையில் நின்றுவிட்டனவா, எண்ணெய் ரிங்கின் வாய் மேல்நோக்கி இருக்கிறதா, ரிங்கைச் சிலிண்டரில் நேராக இறக்கி அளந்தால் வாய் 0.30 முதல் 0.45 மி.மீ.க்குள் வருகிறதா, சுவரில் ஹோனிங் (தீட்டிச் சொரசொரப்பாக்கிய) கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிகின்றனவா. ஹெட் வெளியே வந்துவிட்டதால் வால்வையும் சும்மா விட வேண்டாம். பிளக்கை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறையில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போர்ட்டுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் லேப்பிங் (வால்வைச் சீட்டோடு அரைத்துப் பொருத்துவது) போதவில்லை.

பழுது எதுவானாலும், திரும்பக் கோத்து ஓட்டிய முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு எண்ணெயை மாற்றி, சல்லடையைக் கழுவி, ஓர் இரவு நிறுத்திவைத்து, விடியற்காலையில் எட்டு வால்வுகளின் இடைவெளியையும் மறுபடி பாருங்கள். என் காரில் அந்த முறை 3-ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் 0.10-க்குச் சுருங்கியிருந்தது. 0.15-க்குத் திருப்பி வைத்து, இன்ஜினைச் சூடாக்கி அளந்தபோது கேஜ் 118 காட்டியது. இன்ஜின் மூடியிலிருந்த அந்தப் பழைய ஒட்டுத்தாளைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.